வயிற்றுக்குள் நீச்சல்: ஹெலிகோபாக்டர் பைலோரி பற்றி வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கிருமியைப் பற்றியவை. வயிற்றுப்புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி எப்படி நகர்கிறது, எந்த மரபணுக்கள் அதை நகர்த்துகின்றன என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் எழுதியிருப்பதால் சில பதில்கள் நீளம், சில குட்டையாக இருக்கும்.

கேள்வி: வயிற்றில் இருக்கும் அமிலம் எதையும் கொன்றுவிடுமே. அங்கே குடியிருக்கும் கிருமிக்கு நீந்தத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? (உயிரியல் ஆசிரியை, மதுரை)

இந்தக் கிருமி அமிலத்தில் குடியிருப்பதில்லை. அமிலத்தைத் தாண்டி ஓடிப்போய் வேறோர் இடத்தில் குடியிருக்கிறது. இரைப்பையின் உட்சுவரை ஒரு சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. அதன் மேற்பக்கம், அதாவது உணவு கிடக்கும் பக்கம், பி.எச். 1 அல்லது 2 அளவுக்குக் கடும் அமிலம். சுவரை ஒட்டிய அடிப்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. சுவர்ச் செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருப்பதால் இந்த வித்தியாசம் நிலைக்கிறது. மங்கோலிய ஜெர்பில் என்ற எலியினத்தின் இரைப்பையில் பார்த்தபோது, கிருமிகளில் பெரும்பாலானவை சுவரிலிருந்து 25 மைக்ரானுக்குள் நின்றன. அந்த ஒல்லியான பட்டைதான் அதன் வீடு.

அங்கே ஒருமுறை போய்ச் சேர்ந்தால் போதுமா என்றால், போதாது. சளி தேங்கி நிற்பதில்லை. அடியிலிருந்து புதிதாகச் சுரந்து மேலே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சும்மா மிதக்கும் கிருமியைச் சளியே மேலே கொண்டுபோய் அமிலத்தில் கொட்டிவிடும். அங்கே அமிலமும் பெப்சின் நொதியும் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே அதன் அசைவு நின்றுவிடும். ஆகவே இது வாழ்நாள் முழுக்க எதிர்நீச்சல் போட வேண்டிய உயிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சளியின் முக்கியப் பொருள் மியூசின். அமிலம் கூடி பி.எச். 4-க்குக் கீழே போனால் அது கெட்டியான ஜெல்லாக இறுகிவிடும். 2009-இல் வெளியான ஒரு சோதனையில் இதை நேரடியாகவே காட்டினார்கள். அமில மியூசின் ஜெல்லுக்குள் கிருமியின் கசையிழைகள் (அது நீந்தப் பயன்படுத்தும் சாட்டை போன்ற இழைகள்) சுழன்றுகொண்டே இருந்தன, உடலோ இம்மியும் நகரவில்லை. யூரியா சேர்த்ததும், கிருமியின் யூரியேஸ் நொதி அதை உடைத்து அம்மோனியா உண்டாக்கியது. பி.எச். ஏறியது, ஜெல் இளகியது, கிருமி நீந்தத் தொடங்கியது. யூரியேஸ் வழி திறக்கிறது, கசையிழை அந்த வழியே உடலைத் தள்ளுகிறது. திருகு வடிவ உடல்தான் சளியைத் துளைக்கிறது என்று பல பாடநூல்களில் பார்க்கலாம். திருகு வடிவம் கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவே. உந்துவிசையில் பெரும்பங்கு கசையிழைக்குத்தான்.

கேள்வி: அதன் கசையிழை மற்ற பாக்டீரியாக்களின் கசையிழையிலிருந்து எப்படி வேறுபடுகிறது? (இளங்கலை மாணவர், திருநெல்வேலி)

இரண்டு முதல் ஆறு வரை இழைகள், எல்லாமே உடலின் ஒரே முனையில். ஈ.கோலையில் இழைகள் உடலெங்கும் சிதறியிருக்கும், இங்கே ஒரு கொத்தாக நிற்கும். எந்த முனையில் முளைப்பது என்பதில் எஃப்எல்ஹெச்-எஃப் என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. அதன் மரபணுவைக் கெடுத்தால் இழைகள் குறையும், இடமும் தவறும்.

ஓர் இழையை அடியிலிருந்து நுனிவரை பார்த்துக்கொண்டே போவோம். அடியில், செல்லின் சவ்வில் பதிந்த மோட்டார். அதைச் சுற்றி மோட்-ஏ, மோட்-பி புரதங்களால் ஆன ஸ்டேட்டர்கள், அதாவது தாம் சுழலாமல் நின்று மோட்டாரைச் சுழற்றும் பாகங்கள். சவ்வைக் கடந்து உள்ளே பாயும் புரோட்டான்கள்தான் இதற்கு மின்சாரம். உறைய வைத்த செல்லை முப்பரிமாணப் படமாக்கும் உறைநிலை எலெக்ட்ரான் டோமோகிராஃபியில் இந்த மோட்டார் ஈ.கோலை மோட்டாரைவிட நன்றாக அகலமாகத் தெரிகிறது. சுற்றிலும் 18 ஸ்டேட்டர்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. வட்டம் அகலமானால் முறுக்குவிசை கூடும். செக்கு நுகத்தடி நீளமானால் மாட்டுக்கு இழுப்பது எளிதாவதுபோல. சளி போன்ற பிசுபிசுப்பில் நீந்த அந்த விசை வேண்டும்.

மோட்டாருக்கு மேலே வளைந்த கொக்கி. எஃப்எல்ஜி-இ என்ற புரதத்தால் ஆனது. மோட்டாரின் சுழற்சியை இழைக்குக் கடத்தும் வளையும் இணைப்பு இது. கொக்கிக்குப் பிறகு நீண்ட இழை. இதில் இரண்டு ஃபிளாஜெல்லின் புரதங்கள் உண்டு. கொக்கியை ஒட்டிய அடிப்பகுதியில் ஃபிளா-பி, மீதி நீளம் முழுக்க ஃபிளா-ஏ. அளவில் ஃபிளா-ஏதான் மிக அதிகம்.

இவை எல்லாவற்றின் மேலும் ஓர் உறை. செல்லின் வெளிச்சவ்வே நீண்டு இழையைக் கைக்கு உறை போட்டதுபோல மூடுகிறது. நுனியில் சிறு குமிழ் போலப் பருத்திருக்கும். உறை இல்லாத ஃபிளாஜெல்லின் இழை அமிலத்தில் பிரிந்து உதிரும். உறைக்குள் இருப்பதால் தப்புகிறது.

கேள்வி: ஈ.கோலையில் எஃப்எல்ஹெச்-டிசி என்ற தலைமை மரபணுதான் கசையிழை வேலையைத் தொடக்கி வைக்கிறது என்று படித்தோம். பைலோரியில் தலைமை யார்? (முதுகலை மாணவி, திருச்சி)

அப்படி ஒரு தலைமை இல்லை. பைலோரியின் மரபணுத் தொகுதியில் எஃப்எல்ஹெச்-டிசி-க்கு ஒப்பான எதுவும் காணப்படவில்லை. கசையிழைக்கான 40-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக இல்லாமல் நிறமூர்த்தம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் ஒழுங்கு தவறுவதில்லை. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஆர்என்ஏ பாலிமரேஸ் எந்த மரபணுவைப் படிக்க வேண்டும் என்று காட்டுவது சிக்மா காரணி. பைலோரியிடம் மூன்றே மூன்று சிக்மா காரணிகள். மூன்றும் கசையிழை வேலையில் பங்கெடுக்கின்றன.

முதல் கட்டம் சிக்மா 80-இன் பொறுப்பு. எப்போதும் இயங்கும் அன்றாடக் காரணி இது. கசையிழையின் பாகங்களைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ஏற்றுமதிக் கருவியின் எஃப்எல்ஹெச்-ஏ, எஃப்எல்ஹெச்-பி, சவ்வில் பதியும் அடிவளையம், மோட்டார் புரதங்கள், திசையறியும் புரதங்கள், அடுத்த கட்டத்துக்கான கட்டுப்பாட்டாளர்கள் எல்லாம் இதன் கீழ் வருகின்றன.

இரண்டாம் கட்டம் சிக்மா 54, அதாவது ஆர்பிஓ-என். கொக்கிப் புரதம் எஃப்எல்ஜி-இ-யும் ஃபிளா-பி-யும் இதைச் சேர்ந்தவை. சிக்மா 54 தானாக வேலை தொடங்காது, தட்டி எழுப்ப ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு எஃப்எல்ஜி-எஸ், எஃப்எல்ஜி-ஆர் என்று ஒரு ஜோடி. எஃப்எல்ஜி-எஸ் உணர்கிறது, ஒரு பாஸ்பேட்டை எஃப்எல்ஜி-ஆர்-இடம் ஒப்படைக்கிறது. எஃப்எல்ஜி-ஆர் சிக்மா 54-ஐ இயக்குகிறது. இங்கே இரண்டு வினோதங்கள். இப்படிப்பட்ட உணரிகள் பல சவ்வில் பதிந்து வெளியுலகை மோப்பம் பிடிப்பவை. இதுவோ செல்லின் உள்ளேயே கிடக்கிறது. டிஎன்ஏ-வைப் பிடித்துக்கொள்ளும் பகுதி மற்ற பாக்டீரியாக்களின் இதே வகைப் புரதங்களில் உண்டு, பைலோரியின் எஃப்எல்ஜி-ஆர்-இல் இல்லை.

எஃப்எல்ஜி-எஸ் எதை உணர்கிறது? ஏற்றுமதிக் கருவியின் மரபணுக்களைக் கெடுத்தால் இரண்டாம் கட்ட மரபணுக்களின் செயல்பாடு சரிந்துவிடுகிறது. கருவி உருவாகிவிட்டதா என்ற செய்திதான் அதற்குப் போகிறது. கருவி இல்லாமல் கொக்கிப் புரதத்தைத் தயாரித்தால் வெளியே அனுப்ப வழியிருக்காது, செல்லுக்குள்ளேயே குவியும். அஸ்திவாரம் காயாமல் செங்கல் இறக்காத மேஸ்திரியைப் போல இந்தச் செல் நடந்துகொள்கிறது.

மூன்றாம் கட்டம் சிக்மா 28, அதாவது ஃப்ளி-ஏ. இதன் முதன்மையான பொறுப்பு ஃபிளா-ஏ. ஆயிரக்கணக்கான பிரதிகள் தேவைப்படும் புரதம் என்பதால் செலவு மிக அதிகம். அதனால்தான் இதற்கும் ஒரு காவலாளி. எஃப்எல்ஜி-எம் என்ற புரதம் ஃப்ளி-ஏ-வைக் கட்டிப்பிடித்து நிறுத்தி வைக்கிறது. சால்மொனெல்லாவில் கொக்கி முடிந்ததும் எஃப்எல்ஜி-எம்-ஐ அதே ஏற்றுமதிக் கருவி வழியே செல் வெளியே துப்பிவிடும், ஃப்ளி-ஏ விடுதலையாகும். பைலோரியின் எஃப்எல்ஜி-எம் குட்டையானது. அதன் முன்பகுதி இல்லை. இழையை உறை மூடியிருப்பதால் எளிதாக வெளியேறவும் முடியாது. அது பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே தங்குகிறது, எஃப்எல்ஹெச்-ஏ-யின் உள்முனையோடு பிணைகிறது. பூட்டு ஒன்றுதான், திறக்கும் முறை மட்டும் வேறு.

தேர்வுக்கு எழுதும்போது "சிக்மா 80, 54, 28" என்று வரிசையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் உருவான பிறகே திறக்கிறது என்பதை எழுதுங்கள். எந்த மரபணு எந்தக் கட்டம் என்பதைக் குழப்பிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஃபிளா-ஏ-வையும் ஃபிளா-பி-யையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பெயர் ஒத்திருந்தாலும் சிக்மா வேறு, இழையில் இடமும் வேறு.

கேள்வி: ஃபிளா-ஏ-வைக் கெடுத்த விகாரியைச் செய்தேன். மைக்ரோஸ்கோப்பில் இன்னும் கொஞ்சம் அசைகிறது. என் விகாரி தவறா? (ஆய்வு மாணவர், சென்னை)

விகாரி, அதாவது மரபணு மாற்றப்பட்ட கிருமி, தவறாக இருக்க வேண்டியதில்லை. ஃபிளா-ஏ இல்லாத செல்லில் ஃபிளா-பி-யால் ஆன குட்டைக் கசையிழை முளைக்கும். அதனால் மந்தமான அசைவு தெரியும். ஃபிளா-பி மட்டும் இல்லாதபோது இழை ஏறக்குறைய இயல்பான நீளத்தில் இருக்கும், நீச்சல் குறையும். இரண்டையும் நீக்கினால்தான் முழுக்க நிற்கும். கிருமியில்லாமல் வளர்த்த பன்றிக்குட்டிகளில் 1996-இல் நடந்த சோதனையில் இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிருமியால் நிலைத்துக் குடியேற முடியவில்லை. ஆய்வகத்தில் "கொஞ்சம் அசைகிறது" என்பதை வைத்து உடலுக்குள் நடப்பதைக் கணிக்காதீர்கள்.

அசைவைப் பார்க்கும்போது பிரௌனிய அசைவை (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் துடிப்பை) நீச்சல் என்று எண்ணிவிடாமல் கவனமாக இருங்கள். நின்ற இடத்திலேயே துடித்தால் அது நீச்சல் அல்ல. ஒரு செல் தன் உடல் நீளத்தைப்போல பத்து மடங்கு தூரம் ஒரே திசையில் போனால் அதை நம்பலாம்.

கேள்வி: அரைத்திட அகாரில் நீச்சல் வளையமே வரவில்லை. அல்லது காட்டு வகைக்கும் விகாரிக்கும் ஒரே அளவில் வருகிறது. எங்கே தவறு? (ஆய்வு மாணவி, வேலூர்)

அரைத்திட அகாரில், அதாவது பாதி இறுகிய வளர்ப்புக் கூழில், குத்தி வைத்த கிருமி நீந்திப் பரவும்போது மங்கலான வட்டம் தோன்றும், அதுதான் வளையம். பைலோரியில் இந்தச் சோதனை ஈ.கோலையைப் போல ஒரே இரவில் முடியாது, 3 முதல் 7 நாள் வரை ஆகும். பெரும்பாலானோர் அகார் அளவில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

100 மில்லிலிட்டருக்கு: புரூசெல்லா குழம்புத் தூள் 2.8 கிராம், அகார் 0.35 கிராம், நீர் 90 மில்லிலிட்டர். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். 45 முதல் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு வெப்பத்தில் செயலிழக்கவைத்த கருக்கன்றின் சீரம் 10 மில்லிலிட்டர் சேருங்கள். சீரத்தைச் சூட்டோடு ஊற்றினால் புரதம் திரிந்து வெள்ளைக் கட்டியாகும். 90 மில்லிமீட்டர் பிளேட்டில் 25 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். வான்கோமைசின் லிட்டருக்கு 10 மில்லிகிராம், டிரைமெத்தோபிரிம் 5, செஃப்சுலோடின் 5, ஆம்ஃபோடெரிசின்-பி 5 சேர்த்தால் வேறு கிருமியும் பூஞ்சையும் புகாது.

0.35 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளேட்டை அசைக்கும்போது திரவம் அலையும், வளையத்தின் விளிம்பு கலங்கும். 0.4-ஐத் தாண்டினால் நல்ல நீச்சல் உள்ள இனமும் நெருக்கப்பட்டுக் குட்டையாக நிற்கும். ஒரே தொகுப்பிலிருந்து ஊற்றிய பிளேட்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும். நேற்றைய பிளேட்டில் காட்டு வகை (மரபணு மாற்றாத மூல இனம்), இன்றைய பிளேட்டில் விகாரி என்று வைத்தால் முடிவு செல்லாது. ஒரே பிளேட்டில் இரண்டையும் எதிரெதிரே குத்துவது நல்லது.

பிளேட்டை ஊற்றியதும் மூடியைத் திறந்து 15 நிமிடம் மட்டும் உலர்த்துங்கள். மேற்பரப்பில் நீர்த்துளி நின்றால் கிருமி அதன்மேல் பரவிப் போலி வளையம் தரும். அதிகமாக உலர்ந்தாலோ மேற்பரப்பில் தோல் போல் கட்டிவிடும். இந்த பிளேட்டுகளைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. அகார் நழுவிவிடும்.

குத்துவதற்கு 18 முதல் 24 மணிநேர வளர்ப்பு. மூன்று நாள் பழையதென்றால் செல்கள் உருண்டை வடிவத்துக்கு மாறியிருக்கும், அவற்றில் நீச்சல் இருக்காது. ஒளியடர்த்தியை எல்லா இனங்களுக்கும் சமமாக்கி, ஒரே அளவில், அகாரின் பாதி ஆழம்வரை பைபெட் முனையால் குத்துங்கள். அடிவரை குத்தினால் பிளேட்டுக்கும் அகாருக்கும் இடையே கிருமி பரவி விளிம்பு கோணலாகும். வாயு: ஆக்சிஜன் 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10, மீதி நைட்ரஜன். வெப்பம் 37 டிகிரி. ஜாடிக்குள் ஈரத்துக்கு நனைத்த பஞ்சு வையுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி, "ஒரே அளவில் வருகிறது" என்பது. முதலில் விகாரியின் வளர்ச்சி வேகத்தைத் திரவ வளர்ப்பில் பாருங்கள். வளையம் என்பது நீச்சல், வளர்ச்சி, திசையறிதல் மூன்றும் சேர்ந்த விளைவு. மந்தமாக வளரும் விகாரிக்கும் வளையம் சிறிதாகும். எனவே கட்டுப்பாட்டுக்கு இரண்டு இனங்கள் கட்டாயம்: காட்டு வகை ஒன்று, மோட்-பி விகாரி ஒன்று. மோட்-பி விகாரிக்கு இழை இருக்கும், மோட்டார் சுழலாது. அதன் அளவுதான் "நீச்சலே இல்லை" என்பதன் அடிக்கோடு. சுண்டெலிகளில் மோட்-பி விகாரிகளைக் கொண்டு நடந்த சோதனையில், தொற்று உண்டாக்கக் காட்டு வகையைவிட அதிகக் கிருமிகள் தேவைப்பட்டன. இழை இருப்பது மட்டும் போதாது, சுழல வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

வளையம் சிறிதாக வந்தது, ஆனால் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் நன்றாக நீந்துகிறது என்றால் கோளாறு திசையறிதலில் இருக்கலாம். மோட்டாரின் சுழற்சித் திசையை மாற்றும் சே-ஒய் புரதம் இல்லாதது நேர்க்கோட்டிலேயே ஓடும், திரும்பத் தெரியாது. அதற்குச் செய்தி அனுப்பும் சே-ஏ-யைக் கெடுத்தாலும் அப்படித்தான். இரண்டுமே மைக்ரோஸ்கோப்பில் சுறுசுறுப்பாகத் தெரியும், அகாரில் தோற்கும்.

கேள்வி: விகாரி செய்யும்போது மரபணுவை எப்படி நீக்குவது? பக்கத்து மரபணுவும் கெட்டுவிடுமா? (அதே ஆய்வு மாணவி)

பைலோரி தானாகவே டிஎன்ஏ-வை உறிஞ்சும், மின்னதிர்ச்சி வேண்டியதில்லை. இலக்கு மரபணுவின் இருபுறமும் தலா 500 கார இணை நீளத்தைப் பிசிஆர் மூலம் எடுத்து, நடுவில் குளோராம்ஃபெனிக்கால் அல்லது கனமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். 24 மணிநேர வளர்ப்பை ரத்த அகாரில் ஒரு திட்டாகத் தடவி, அதன்மேல் சுமார் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏ-வைச் சொட்டுங்கள். இன்னொரு 24 மணிநேரம் அப்படியே விடுங்கள். பிறகு தேர்வு பிளேட்டுக்கு மாற்றினால் 4 முதல் 7 நாளில் காலனி தெரியும். தேர்வுக்கு குளோராம்ஃபெனிக்கால் மில்லிலிட்டருக்கு சுமார் 10 மைக்ரோகிராம், கனமைசின் சுமார் 20. இனத்துக்கு இனம் மாறும், முன்கூட்டியே உங்கள் இனத்தின் எதிர்ப்பைப் பார்த்துவிடுங்கள். ஈ.கோலையில் வளர்த்த பிளாஸ்மிட்டைப் போட்டுக் காலனி வரவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி வெளி டிஎன்ஏ-வை வெட்டிப்போடும் பைலோரியின் கத்தரிக்கும் நொதிகள்தான். அதனிடம் அவை ஏராளம். ஒரு முறை விகாரி கிடைத்துவிட்டால், அதன் நிறமூர்த்த டிஎன்ஏ-வை அதே இனத்துக்குக் கொடுத்து மறுபடி உருமாற்றுங்கள். எளிதாக ஏறும்.

பக்கத்து மரபணு கெடுவது உண்மையான ஆபத்து. எதிர்ப்பு மரபணுவின் திசை, இலக்கு மரபணுவின் திசையோடு ஒத்திருக்கட்டும். முடிவுகாட்டி டிஎன்ஏ (மரபணுவைப் படிப்பதை நிறுத்தும் பகுதி) இல்லாத எதிர்ப்பு மரபணுவைத் தேர்ந்தெடுங்கள். இதற்குப் பிறகும் அந்த மரபணுவின் கெடாத பிரதி ஒன்றை ஈடுசெய்ய வேறிடத்தில் வைத்து நீச்சல் திரும்புகிறதா என்று காட்டாதவரை அந்த மரபணுவைக் குற்றம் சொல்லக் கூடாது. பலர் இதற்கு ஆர்டிஎக்ஸ்-ஏ இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது கெட்டால் மெட்ரோனிடசோலுக்கு எதிர்ப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா வேலையும் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்புக் கூடத்தில். காலனியைக் கலக்கும்போது தெறிக்கும் துளிகளும் தொற்று தரும்.

கேள்வி: முதலில் மரபணுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்ட 26695 இனம் நீந்தாது என்கிறார்களே, ஏன்? (கல்லூரி விரிவுரையாளர், கோயம்புத்தூர்)

1997-இல் வெளியான 26695-இன் மரபணுத்தொகுதியில் 16,67,867 இணைகள். ஃப்ளிப் என்று படிக்கப்படும் ஏற்றுமதிக் கருவி மரபணு, அதில் இரண்டு துண்டுகளாக எச்பி0684, எச்பி0685 என்று பதிவாகியிருக்கிறது. காரணம், அதன் ஓரிடத்தில் வரிசையாக நிற்கும் சி (சைட்டோசின்) எழுத்துகள். எட்டு இருந்தால் வாசிப்பு சரியாகப் போகும், புரதம் முழுமையாகும். ஒன்பதாகிவிட்டால் வாசிப்புச் சட்டம் நகர்ந்து இடையில் நிறுத்தக் குறி வரும், கசையிழை உருவாகாது. டிஎன்ஏ நகலெடுக்கும்போது ஒரே எழுத்து வரிசையாக நின்றால் நொதி வழுக்கிவிடும். ஒரு சி கூடும், இன்னொரு முறை குறையும். சுவிட்சு போட்டு அணைப்பதுபோல கூட்டத்தில் சிலது நீந்தும், சிலது நீந்தாது. ஃப்ளிப்பின் இந்த இடத்தை வரிசைப்படுத்திப் பார்க்காமல் 26695-இன் நீச்சலைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கசையிழையே தெரியவில்லை. ஆனால் நீந்துகிறது! (ஆய்வு மாணவர், சென்னை)

நீங்கள்தான் உடைத்திருக்கிறீர்கள். வேகமாகச் சுழலும் மையவிலக்கு, வோர்டெக்ஸ், குறுகிய முனை பைபெட்டில் ஏற்றி இறக்குதல், மூன்றும் இழையை உதிர்த்துவிடும். முடிந்தால் மையவிலக்கையே தவிருங்கள். பிளேட்டிலிருந்து எடுத்த கிருமியை உப்பு நீர்க் கரைசலில் மெதுவாகக் கலக்குங்கள், அகன்ற முனையால். துளியின் மேல் கார்பன் பூசிய கிரிட்டை முகம் கீழாக 2 முதல் 5 நிமிடம் வையுங்கள். வடிதாளால் ஓரத்திலிருந்து உறிஞ்சுங்கள். பி.எச். 7-க்குச் சரிசெய்த 1 சதவீத பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தில் 30 விநாடி. குறைந்தது 50 செல்களை எண்ணுங்கள். உடைந்து தனியாகக் கிடக்கும் இழைகள் பின்னணியில் நிறையத் தெரிந்தால், செல்லில் இல்லை என்று எழுதுவது பெரும் தவறு.

கேள்வி: எந்தப் பக்கம் நீந்த வேண்டும் என்று கிருமிக்கு எப்படித் தெரிகிறது? (மேல்நிலைப் பள்ளி மாணவி, தஞ்சாவூர்)

நல்ல கேள்வி. அதனிடம் நான்கு உணரிகள் உண்டு: டிஎல்பி-ஏ, டிஎல்பி-பி, டிஎல்பி-சி மூன்றும் சவ்வில், டிஎல்பி-டி செல்லுக்குள். டிஎல்பி-பி அமிலத்திலிருந்து விலகச் சொல்கிறது, யூரியாவை நோக்கியும் வழிநடத்துகிறது. யூரியா நம் இரைப்பைச் சுவரிலிருந்து கசியும். 50 நானோமோலாரைவிடக் குறைந்த யூரியாவையும் இந்தக் கிருமி உணர்ந்துவிடுகிறது. டிஎல்பி-டி, செல்லின் உள் நிலையைப் பார்க்கிறது, ஆக்சிஜனேற்ற அழுத்தம் போன்றவற்றை. இந்தச் செய்திகள் சே-ஏ வழியாக சே-ஒய்-க்குப் போகும். சே-ஒய் மோட்டாரில் ஒட்டிக்கொண்டால் சுழற்சித் திசை மாறும். கிருமி பின்னோக்கித் தள்ளப்படும், திரும்பும், மறுபடி முன்னே போகும்.

திசையறியாத விகாரிகள் இரைப்பைக்குள் உயிர்வாழ்கின்றன என்றாலும், சுரப்பிகளின் ஆழத்துக்குள் நுழைவதில் காட்டு வகையிடம் தோற்கின்றன. அந்தச் சுரப்பிகள்தான் நீண்டகாலக் குடியிருப்பு.

கேள்வி: அப்படியானால் கசையிழையை நிறுத்தும் மருந்து ஒன்று வராதா? இப்போது எனக்கு இந்தக் கிருமி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், சேலம்)

கசையிழையைக் குறிவைக்கும் மருந்து சந்தையில் இல்லை. ஆய்வில் ஒரு சுவையான இலக்கு இருக்கிறது. பைலோரியின் ஃபிளாஜெல்லின் மீது சூடாமினிக் அமிலம் என்ற சர்க்கரை ஒட்டப்படுகிறது. ஃபிளா-ஏ-இல் ஏழு இடங்களில், ஃபிளா-பி-இல் பத்து இடங்களில். அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றை நிறுத்தினாலும் இழை உருவாவதில்லை. மனித உடலில் இந்தச் சர்க்கரை தயாராவதில்லை என்பதால் மருந்துக்கு நல்ல இடம். இதுவரை மாத்திரையாக வரவில்லை.

இன்று கைவசம் இருப்பது அமிலம் குறைக்கும் மருந்தும் ஆண்டிபயாடிக்குகளும், பல சமயம் பிஸ்மத்தும் சேர்ந்த 10 முதல் 14 நாள் கூட்டு மருந்து. எது என்று மருத்துவர் முடிவு செய்வார். பாதியில் நிறுத்தக் கூடாது. கண்டுபிடிக்க யூரியா மூச்சுப் பரிசோதனை உண்டு. குறியிட்ட யூரியாவைக் குடித்து மூச்சை ஊத வேண்டும். கிருமியின் யூரியேஸ் அதை உடைத்தால் குறியிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வரும். முன்கூட்டியே அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும், ஆண்டிபயாடிக், பிஸ்மத்தை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். மருந்தை நிறுத்தலாமா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

கேள்வி: நம் உடலின் எதிர்ப்புச் சக்தி ஃபிளாஜெல்லினை உடனே அடையாளம் காணுமே. இதை ஏன் விட்டுவிடுகிறது? (மருத்துவ மாணவர், புதுச்சேரி)

டிஎல்ஆர்-5 என்ற உணரி ஃபிளாஜெல்லினின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பிடித்து எச்சரிக்கை மணி அடிக்கும். சால்மொனெல்லா ஃபிளாஜெல்லின் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. பைலோரியின் ஃபிளா-ஏ-வில் அந்தப் பகுதியின் அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் மணி அடிப்பதில்லை. அங்கே மாறினாலும் இழை உருவாக வேண்டும், சுழல வேண்டும். அதற்காக மற்ற இடங்களிலும் ஈடுசெய்யும் மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: நன்றாக நீந்தும் இனத்தைப் பத்து முறை மாற்றி வளர்த்த பிறகு நீச்சல் போய்விட்டது. மீட்க முடியுமா? (ஆய்வு மாணவர், சென்னை)

முடியும், கூட்டத்தில் நீந்துபவை மிச்சமிருந்தால். அரைத்திட அகாரில் குத்தி, வளையம் வெளியேறும் ஓரத்திலிருந்து, மையத்திலிருந்து அல்ல, ஒரு துளி எடுத்து மறுபடி குத்துங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நீந்துபவை பெருகும். ஓரத்திலிருந்து எடுத்ததைத் தனிக் காலனியாக்கி, அந்தக் காலனியை ஃபேஸ் கான்ட்ராஸ்டில் உறுதிசெய்த அன்றே உறைய வையுங்கள். புரூசெல்லா குழம்பில் 10 சதவீத சீரமும் 25 சதவீத கிளிசரலும் கலந்து, சிறு குப்பிகளில், மைனஸ் 80 டிகிரியில். ஒரு குப்பி ஒரு முறைக்கு. உருகிய குப்பியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். அடுத்த சோதனைக்குப் பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றாமல் ஒவ்வொரு முறையும் புதுக் குப்பியைத் திறங்கள்.